ஒரே வரிசையில கரியும் ஈயச் சொம்பும்

எட்டாங்கிளாஸ்லேர்ந்து பத்தாங்கிளாஸ் வரைக்கும் பசங்களுக்கு சாயங்காலத்துல வேதியியல் சொல்லித்தர்றேன். அதுல ஒவ்வொரு வருஷமும் என்னை உறுத்துற ஒரு பக்கம் இருக்கு. நடுவுல கோடு போட்டு இடது பக்கம் உலோகம், வலது பக்கம் அலோகம்னு எழுதின அட்டவணைதான். உலோகம் பளபளக்கும், அலோகம் பளபளக்காது. உலோகத்த தட்டினா தகடாகும், இழுத்தா கம்பியாகும், அலோகத்த தட்டினா நொறுங்கிப்போகும். உலோகம் கரண்ட் கடத்தும், சூடு கடத்தும், தட்டினா ணங்குனு சத்தம் வரும், அலோகத்துல இதெல்லாம் கிடையாது. பசங்க இத ஒரு மூச்சுல ஒப்பிச்சுட்டு, அடுத்த மூச்சுல விதிவிலக்கு பட்டியலையும் ஒப்பிப்பாங்க: பாதரசம் திரவமா இருக்கும், சோடியத்த கத்தியால வெட்டலாம், அயோடின் பளபளக்கும், கிராஃபைட் கரண்ட் கடத்தும், எல்லாத்தையும் விட கடினமானது வைரம்ங்கிற அலோகம்.

இவ்வளவு விதிவிலக்கு இருந்தா அது என்ன விதின்னு ஒரு பிள்ளை கூட கேட்கிறதில்ல, கேட்கிற மாதிரி நாம சொல்லித்தர்றதும் இல்ல. எனக்கு அது தாங்கல. ஏன்னா இந்த ரெண்டு பட்டியலுமே ஒரே ஒரு கேள்வியிலேர்ந்து பொறக்குது, ஒரு அணு தன்னோட வெளிவட்டத்துல இருக்கிற எலக்ட்ரான்கள எவ்வளவு இறுக்கிப் பிடிச்சு வச்சிருக்குங்கிறதுதான் அந்தக் கேள்வி. அது புரிஞ்சா அட்டவணையும் வேணாம், விதிவிலக்கும் வேணாம். அத காட்டுறதுக்கு தனிம வரிசை அட்டவணையில எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் பதினாலாவது தொகுதி. மேலேர்ந்து கீழ கார்பன், சிலிக்கான், ஜெர்மானியம், வெள்ளீயம், காரீயம். அடுப்புக்கரி, போன் சிப், ரசம் வைக்கிற ஈயச் சொம்பு, கார் பேட்டரி எல்லாம் ஒரே நெடுவரிசையில உக்காந்திருக்கு. அஞ்சுக்குமே வெளிவட்டத்துல நாலு எலக்ட்ரான். ஆனா மேல இருக்கிறது சுத்தமான அலோகம், கீழ இருக்கிறது சுத்தமான உலோகம், நடுவுல எந்த இடத்துலயும் சுவர் கிடையாது.

முதல்ல அந்த எலக்ட்ரான் விஷயத்த சொல்லிடுறேன். உலோகத்துல ஒவ்வொரு அணுவும் வெளி எலக்ட்ரான விட்டுக்கொடுத்துடும், ஊர்ல ஒவ்வொரு வீட்டுக்காரரும் மாட்ட அவுத்து பொது மேய்ச்சல் நிலத்துல விட்ட மாதிரி அது எந்த வீட்டு மாடுன்னு இல்லாம கட்டி முழுக்க சுத்திக்கிட்டு இருக்கும். அலோகத்துல அப்படி இல்ல, ரெண்டு பக்கத்து அணுக்களுக்கு நடுவுல கட்டிப்போட்டது கட்டிப்போட்டபடி நிக்கும். 1897ல ஜே.ஜே. தாம்சன் எலக்ட்ரானை கண்டுபிடிச்சார், மூணே வருஷத்துல 1900ல பால் ட்ரூட் உலோகத்துக்குள்ள இந்த மாதிரி சுதந்திரமா திரியிற எலக்ட்ரான்கள் இருக்குன்னு வச்சு கணக்கு போட்டுட்டார். அதுக்கப்புறம் குவாண்டம் இயற்பியல் வந்து அந்தக் கணக்க நிறைய திருத்திச்சு, ஆனா அடிப்படைப் படம் அதேதான்.

இப்ப பாருங்க, பட்டியல்ல இருக்கிற ஒவ்வொண்ணும் இதுலேர்ந்தே வருது. திரியிற எலக்ட்ரான் இருந்தா கரண்ட் போகும். அதே எலக்ட்ரான் சூட்டையும் தூக்கிட்டுப் போகும், அதனாலதான் கரண்ட்ட நல்லா கடத்துற வெள்ளியும் செம்பும் சூட்டையும் நல்லா கடத்துது. இந்த ரெண்டுக்கும் ஒரே விகிதம் இருக்குன்னு வீடமன், ஃப்ரான்ஸ்னு ரெண்டு பேர் 1853லயே, அதாவது எலக்ட்ரான்னு ஒண்ணு இருக்கறதே தெரியாத காலத்துல, அளந்து சொல்லிட்டாங்க. வெளிச்சம் மேல பட்டா திரியிற எலக்ட்ரான்கள் உடனே அசைஞ்சு அத திருப்பி அனுப்பிடும், அதுதான் பளபளப்பு. சுத்தியால அடிச்சா அணு அடுக்கு ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கும், வழுக்கினாலும் பொது எலக்ட்ரான் எல்லா இடத்துலயும் இருக்கறதால பிடிப்பு விட்டுப்போகாது, தகடாகும். அலோகத்துல வழுக்க விடாது, அந்தக் குறிப்பிட்ட பிணைப்பு அறுந்தா அறுந்ததுதான், நொறுங்கிடும். ஒரு கிராம் தங்கத்த சுமார் 2 கிலோமீட்டர் கம்பியா இழுக்கலாம்ங்கிறதும், தஞ்சாவூர் ஓவியத்துல ஒட்டுற தங்க ரேக்கு ஊதினா பறக்கிற அளவுக்கு மெல்லிசா இருக்கறதும் இந்த வழுக்கலாலதான்.

சரி, இப்ப நெடுவரிசைக்கு வர்றேன்.

கார்பன். வைரத்துல ஒவ்வொரு கார்பனும் தன்னோட நாலு எலக்ட்ரானையும் நாலு பக்கத்து அணுவோட பிணைச்சு வச்சிருக்கு, ஒண்ணு கூட மிச்சம் இல்ல. ஒரு எலக்ட்ரான அந்தப் பிணைப்புலேர்ந்து கழட்டி ஓட விடணும்னா சுமார் 5.5 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவுல சக்திய அளக்கிற அலகு) வேணும், அது நம்ம கண்ணுக்குத் தெரியிற வெளிச்சத்துகிட்ட இல்ல, அதனால வெளிச்சம் எதையும் அசைக்காம நேரா உள்ள போயிடுது, வைரம் கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கு. வைரம் மின்னுறதும் வெள்ளி பளபளக்கறதும் ஒண்ணே இல்ல. வெள்ளி வெளிச்சத்த மேற்பரப்புலயே திருப்பி அனுப்புது, வைரம் உள்ள வாங்கி வளைச்சு வெளிய விடுது. பளபளப்புனு ஒரே வார்த்தையில எழுதிட்டா இந்த ரெண்டும் கலந்துபோயிடும்.

சூடு விஷயத்துல வைரம் எல்லாரையும் ஆச்சரியப்படுத்தும். கரண்ட் சுத்தமா கடத்தாது, ஆனா சூட்ட செம்ப விட கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு நல்லா கடத்தும். எலக்ட்ரான் தூக்கிட்டுப் போகாம எப்படின்னா, சூடுங்கிறது அணுக்களோட அதிர்வுதானே, வைரத்துல பிணைப்பு அவ்வளவு விறைப்பு, அணு அவ்வளவு லேசு, ஒரு பக்கம் அதிர்ந்தா அது சிதறாம மறுபக்கம் போய்ச்சேர்ந்துடுது. நகைக்கடையில கல்லு மேல ஒரு பேனா மாதிரி கருவிய வச்சு வைரமான்னு பார்க்கிறாங்கல்ல, அது அளக்கறது இந்தச் சூடு கடத்துற வேகத்தத்தான். கண்ணாடியும் சிர்கானும் அங்கயே மாட்டிக்கும். பார்க்க வைரம் மாதிரியே இருக்கற மாய்ஸனைட்ங்கிற கல் மட்டும் அந்தக் கருவிய ஏமாத்திடும், ஏன்னா அது சிலிக்கான் கார்பைடு, நம்ம நெடுவரிசையோட முதல் ரெண்டு பேரும் கைகோத்து நிக்கிற பொருள், அதுவும் சூட்ட நல்லா கடத்தும். அதனால இப்ப வர்ற கருவிகள் கொஞ்சம் கரண்ட்டும் விட்டுப் பார்க்குது, மாய்ஸனைட் லேசா கடத்தும், சாதாரண வைரம் கடத்தாது.

அதே கார்பன் கிராஃபைட்டா அடுக்கினா கதையே வேற. அங்க ஒரு அணு மூணு பேரோட மட்டும் பிணைஞ்சிருக்கும், நாலாவது எலக்ட்ரான் அந்த அடுக்கு முழுக்க திரியும். அதனால கரண்ட் போகும். அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவுல பிடிப்பு ரொம்ப கம்மி, அதனால காகிதத்துல தேய்ச்சா உரிஞ்சு ஒட்டிக்கும், அதுதான் பென்சில் எழுத்து. பென்சிலுக்குள்ள இருக்கறது கிராஃபைட்டும் களிமண்ணும்தான், காரீயம் கிடையாது. பசங்ககிட்ட நான் செய்யச் சொல்றது இது: ஒரு பென்சில ரெண்டு பக்கமும் சீவிக்கோங்க, ரெண்டு பென்சில் செல், ஒரு சின்ன சிவப்பு எல்.இ.டி., ரெண்டு மூணு துண்டு வயர். எல்.இ.டி.ய சரியான திசையில மாட்டி நடுவுல பென்சில வச்சா எரியும். அதே இடத்துல கந்தகக் கட்டி வச்சா எரியாது. கிராஃபைட் அலோகம், ஆனா திரியிற எலக்ட்ரான் இருக்கு, அதனால கடத்துது. இதுல விதிவிலக்குன்னு சொல்ல என்ன இருக்கு, கேள்விய சரியா கேட்டா பதில் நேரா வருது.

சிலிக்கான்ல அதே வைரத்தோட அமைப்புதான், நாலு பேரோட நாலு பிணைப்பு. ஆனா அணு பெரிசு, பிணைப்பு நீளம், பிடி தளர்ந்து போச்சு. வைரத்துல 5.5 எலக்ட்ரான் வோல்ட் தேவைப்பட்ட இடத்துல இங்க சுமார் 1.1 போதும். கண்ணுக்குத் தெரியிற வெளிச்சமே அத அசைக்கும், அதனால சிலிக்கான் கட்டி பார்க்க சாம்பல் நிறத்துல உலோகம் மாதிரி பளபளன்னு இருக்கும். சூரிய மின்தகடு வேலை செய்யறதும் அதனாலதான், வெயில் பட்டாலே எலக்ட்ரான் கழண்டு ஓட ஆரம்பிக்குது. ஆனா சுத்தியால ஒரு போடு போட்டா கண்ணாடியா நொறுங்கும். பார்க்க உலோகம், அடிச்சா அலோகம். இதத்தான் உலோகப்போலின்னு சொல்றோம்.

அதுக்குக் கீழ ஜெர்மானியம். இதுக்கு ஒரு கதை இருக்கு. தனிம வரிசை அட்டவணைய அமைச்ச மெண்டலீவ் 1871ல மேல சிலிக்கான், கீழ வெள்ளீயம், நடுவுல ஒரு கட்டம் காலியா இருக்கறதப் பார்த்து, இங்க ஒரு தனிமம் இருந்தே ஆகணும், அணு எடை சுமார் 72, அடர்த்தி சுமார் 5.5ன்னு எழுதி வச்சார். 1886ல ஜெர்மனியில விங்க்ளர் அத கண்டுபிடிச்சப்ப அணு எடை 72.6, அடர்த்தி 5.35. கண்ணால பார்க்காத பொருளோட குணத்த மேல கீழ இருக்கிறவங்கள வச்சே சொல்ல முடிஞ்சுதுன்னா, அந்த நெடுவரிசைக்கு ஒரு ஒழுங்கு ஓடுதுன்னுதானே அர்த்தம். 1947ல பெல் ஆய்வகத்துல செஞ்ச முதல் டிரான்சிஸ்டர், அதாவது கரண்ட்ட கட்டுப்படுத்துற குட்டிக் கருவி, இந்த ஜெர்மானியத்துலதான். ஆனா இதுல பிடி இன்னும் தளர்வு, 0.67 எலக்ட்ரான் வோல்ட்தான், அதனால கொஞ்சம் சூடானாலே தேவையில்லாத எலக்ட்ரான்கள் கழண்டு கருவி தடுமாறும். சிலிக்கான் இதோட இடத்த பிடிச்சதுக்கு அதுவும் ஒரு முக்கியமான காரணம்.

சூடுன்னு சொன்னதும் ஒண்ணு சொல்லணும். ஒரு பொருள் உலோகமா இல்லையான்னு ஒரே ஒரு சோதனையில சொல்லுன்னு என்கிட்ட கேட்டா, நான் பளபளப்பையோ கடினத்தையோ பார்க்க மாட்டேன், சூடு பண்ணிப் பார்ப்பேன். உலோகத்த சூடு பண்ணினா அணுக்கள் அதிகமா அதிர்ந்து எலக்ட்ரானுக்கு வழிமறிக்கும், கரண்ட் கடத்துறது குறையும். சிலிக்கான், ஜெர்மானியத்துல தலைகீழ், சூடாக சூடாக இன்னும் எலக்ட்ரான் கழண்டு வரும், கடத்துறது கூடும். பழைய குண்டு பல்பு பெரும்பாலும் எரிஞ்சுக்கிட்டு இருக்கறப்ப போகாது, சுவிட்ச் போடுற நொடியிலதான் ஃபியூஸ் ஆகும், கவனிச்சிருக்கீங்களா? டங்ஸ்டன் இழை ஆறிக் கிடக்கறப்ப அதோட மின்தடை எரியிறப்ப இருக்கிறதுல பத்துல ஒரு பங்கு அளவுக்குத்தான், அதனால போட்ட உடனே கரண்ட் பலமா பாயும், எங்கயாவது இழை தேஞ்சிருந்தா அங்க அறுந்துடும். அந்த பல்பு காணாமப்போயிட்டு வருது, உலோகத்தோட குணத்த வீட்டுக்குள்ளயே காட்டின ஒரு நல்ல சாட்சி அது.

இப்ப ஈயச் சொம்பு. இந்தத் தொகுதிய நான் இவ்வளவு நேசிக்கிறதுக்கு காரணமே இதுதான்.

கும்பகோணம் பக்கம் பாத்திரக் கடையில விக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயம். உருகுநிலை 232 டிகிரி. கேஸ் அடுப்புச் சுடர் ஆயிரம் டிகிரிக்கு மேல. அப்ப சொம்பு எப்படி நிக்குது? உள்ள புளித்தண்ணி இருக்கற வரைக்கும் அது நூறு டிகிரிய ஒட்டியேதான் இருக்கும், ஈயம் உலோகம்ங்கிறதால கீழ வாங்குற சூட்ட உடனே தண்ணிக்கு கடத்தி விட்டுடும், தான் வச்சுக்காது. தண்ணி இல்லாத வெறும் சொம்ப அடுப்புல வச்சா கடத்துறதுக்கு ஆள் இல்ல, சீக்கிரமே அடி ஒழுகிடும். நம்ம பாட்டிங்க முதல்ல தண்ணிய ஊத்திட்டுத்தான் அடுப்புல ஏத்தணும், சுடர் சொம்போட பக்கத்துல ஏறக்கூடாது, நுரை கட்டினதும் இறக்கிடணும்னு சொன்னது முழுக்க முழுக்க இயற்பியல். தாளிக்கிறதயும் சொம்புல பண்ண மாட்டாங்க, தனியா இரும்புக் கரண்டியில நெய் காய வச்சு கடுகு பொரிச்சு மேல கொட்டுவாங்க. காஞ்ச நெய் 200 டிகிரிய தொட்டுடும், ஈயத்துக்கு அது ஆபத்தான எல்லை, இரும்புக்கு 1538 வரைக்கும் கவலை இல்ல. ரெண்டுமே உலோகம்தான், உருகுநிலையில இவ்வளவு தூரம்.

வெள்ளீயத்துல இன்னொரு அழகு, ஒரு குச்சி ஈயத்த காதுகிட்ட வச்சு வளைச்சா கிறீச்னு ஒரு சத்தம் வரும். உள்ள இருக்கற படிகங்கள் திடீர்னு திசை மாறி மடங்குற சத்தம் அது. காரீயத்துல அந்தச் சத்தம் வராது. அடர்த்தியும் வேற, வெள்ளீயம் 7.3, காரீயம் 11.3, அதே அளவு கட்டி கையில வச்சாலே தெரியும். இத நான் அழுத்திச் சொல்றதுக்கு காரணம் காரீயம் விஷம், குழந்தைங்க மூளைய பாதிக்கும், சமையல் பாத்திரத்துல அது கலந்திருக்கவே கூடாது. சந்தேகம் இருந்தா உலோகம் சோதிக்கிற இடத்துல எக்ஸ்ரே கருவியில காட்டுங்க, சொம்ப உடைக்காமலே சில நிமிஷத்துல சொல்லிடுவாங்க. வளைச்சுப் பார்க்கிற சோதனை கொஞ்சம் கலப்படத்த எல்லாம் பிடிக்காது, அத மட்டும் நம்பி வாங்காதீங்க.

சரி, இந்த வெள்ளீயம் உலோகமா? 13.2 டிகிரிக்கு மேல உலோகம். அதுக்குக் கீழ போனா, நிஜமாவே, அது உலோகமா நிலைச்சு இருக்காது. அணுக்கள் இடம் மாறி வைரம், சிலிக்கானோட அதே அமைப்புக்குப் போயிடும், திரிஞ்சுக்கிட்டு இருந்த எலக்ட்ரான் எல்லாம் பிணைப்புல போய் உக்காந்துடும், பளபளப்பு போயிடும், பருமன் கால் பங்குக்கு மேல வீங்கும், கடைசியில சாம்பல் நிறப் பொடியா உதிர்ந்துடும். அதுக்கு சாம்பல் ஈயம்னு பேர். ஐரோப்பாவோட குளிர் பிரதேச சர்ச்சுகள்ல ஆர்கன் வாத்தியத்தோட ஈயக் குழாய்கள் இப்படி மரு மருவா கிளம்பி உதிர்ந்திருக்கு. நெப்போலியன் படையோட பட்டன் எல்லாம் ரஷ்யக் குளிர்ல இப்படிப் பொடியாயிடுச்சுன்னு ஒரு கதை சுத்துது, அதுக்கு உறுதியான ஆதாரம் கிடையாது, நான் வகுப்புல சொல்றதில்ல. உடனே உங்க சொம்பு ஃபிரிட்ஜ்ல இருக்கேன்னு பதறாதீங்க. மாற்றம் ரொம்ப மெதுவா நடக்கிற விஷயம், மைனஸ் 30, 40 டிகிரியிலதான் வேகம் பிடிக்கும், ஈயத்துல துளி ஆன்டிமனியோ பிஸ்மத்தோ கலந்திருந்தா கிட்டத்தட்ட நின்னே போயிடும், ராத்திரி ரசத்த சொம்போட உள்ள வச்சா ஒண்ணும் ஆகாது.

யோசிச்சுப் பாருங்க, ஒரே தனிமம், ஒரே அணு, எதையும் சேர்க்கல எடுக்கல, குளிர் மட்டும் கூடினா கோட்டோட இடது பக்கத்துலேர்ந்து வலது பக்கத்துக்கு நகர்ந்துடுது. உலோகம்ங்கிறது அணுவோட ஜாதி இல்ல, அணுக்கள் சேர்ந்து நிக்கிற நிலைமை. வியாழன் கிரகத்துக்குள்ள இருக்கற பயங்கரமான அழுத்தத்துல ஹைட்ரஜனே திரவ உலோகமா இருக்குன்னும், அந்தக் கிரகத்தோட பெரிய காந்தப்புலம் அதுலேர்ந்துதான் வருதுன்னும் விஞ்ஞானிகள் சொல்றாங்க. நம்ம அட்டவணையில அலோகத்துக்கு முதல் உதாரணமே ஹைட்ரஜன்தான்.

காரீயத்துல கோளாறே இல்ல, முழு உலோகம். ஆனா மணி செஞ்சு தட்டினா சத்தம் வராது, மந்தமா டொக்குனு கேட்கும். ரொம்ப மெத்து, தட்டுற சக்திய எல்லாம் அணு அடுக்குகள் வழுக்கியே தின்னுடும். அதே காரீய மணிய மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன்ல முக்கி எடுத்து தட்டினா ணங்குனு கேட்கும், வழுக்குறது உறைஞ்சு போச்சு. கோயில் மணிக்கு வர்றப்ப இன்னும் சுவாரசியம். செம்பும் மெத்து, வெள்ளீயமும் மெத்து, தனித்தனியா ரெண்டுலயும் நல்ல மணி வராது. செம்போட ஐந்துல ஒரு பங்கு, அதுக்குக் கொஞ்சம் மேல வெள்ளீயம் சேர்த்து உருக்கினா வெண்கலம், விறைச்சுப்போகும், நாதம் நின்னு ஒலிக்கும். வேற அளவு அணு நடுவுல புகுந்து அடுக்குகள வழுக்க விடாம பண்ணிடுது. இரும்புல துளி கார்பன் சேர்த்தா எஃகாகறதும் இதே வேலைதான், ஒரு அலோகம் நூத்துல ஒரு பங்கு உள்ள போய் உலோகத்தோட குணத்தயே மாத்துது. ஈரோடு பக்கத்துல கொடுமணல்ல ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இரும்பும் எஃகும் செஞ்ச உலைகளோட தடயம் கிடைச்சிருக்கு. கார்பன் அணு என்ன பண்ணுதுன்னு தெரியாமலே கையோட பழக்கத்துல அத கட்டுப்படுத்தி இருக்காங்கங்கிறத நினைச்சா எனக்கு உண்மையிலயே சிலிர்க்கும்.

இதுவரைக்கும் சொன்னது எல்லாம் இயற்பியல் குணம். வேதியியல் குணமும் அதே பிடியிலேர்ந்துதான். உலோகம் எலக்ட்ரான கொடுக்கும், அலோகம் வாங்கும். செம்பு பித்தளைப் பாத்திரத்துல புளிப்பு வச்சா காத்தும் சேர்ந்து செம்பு கரைஞ்சு களிம்பு ஏறும், அதனாலதான் அந்தக் காலத்துல தெருவுல ஈயம் பூசுறவர் வருவார், குழி தோண்டி கரி போட்டு துருத்தி ஊதி பாத்திரத்த காய வச்சு, நவச்சாரம்ங்கிற உப்ப தூவி, ஈயக் குச்சிய ஒரு இழுப்பு இழுத்து துணியால துடைப்பார், வெள்ளைப் புகைக்கு நடுவுல பாத்திரத்தோட உள்பக்கம் வெள்ளியா மாறும். நவச்சாரம் சூட்டுல பிரிஞ்சு வர்ற அமிலம் செம்பு மேல இருக்கற ஆக்சைடு படலத்த அரிச்சு எடுத்துடும், அப்பதான் ஈயம் பிடிக்கும். புளி போட்டு பித்தளைய தேய்க்கறதும் அதேதான், உலோக ஆக்சைடுகள் பெரும்பாலும் காரம், புளி அமிலம், ரெண்டும் சேர்ந்தா கரைஞ்சு போயிடும். ஊறுகாய மட்டும் பீங்கான் ஜாடியில போடுறோம், பீங்கான்ல எலக்ட்ரான் கொடுக்கல் வாங்கல் எல்லாம் ஏற்கனவே முடிஞ்சு போச்சு, புளிப்புக்கும் உப்புக்கும் அது அசையாது.

அலோக ஆக்சைடு பெரும்பாலும் அமிலம் பக்கம். சோடாவுல இருக்கற கார்பன் டை ஆக்சைடு நாக்குல சுருக்குனு தெரியும். ஆரத்திக்கு மஞ்சள் தண்ணியில சுண்ணாம்பு போட்டா சிவக்குது, சுண்ணாம்பு கால்சியத்தோட ஆக்சைடுலேர்ந்து வர்ற காரம். அதே மஞ்சள் தண்ணியில சோடாவ ஊத்துங்க, மஞ்சளாவே இருக்கும். சுவத்துக்கு சுண்ணாம்பு அடிச்சா ஒண்ணு ரெண்டு வாரத்துல இறுகுதே, அது வெறுமனே காயறது இல்ல, காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைட இழுத்துக்கிட்டு கல்லா மாறுது, ஒரு உலோக ஆக்சைடும் ஒரு அலோக ஆக்சைடும் உங்க வீட்டுச் சுவத்துல சந்திச்சுக்குது. நெடுவரிசையில பார்த்தாலும் இதே நகர்வுதான்: கார்பன் டை ஆக்சைடு அமிலம், மணலான சிலிக்கா ரொம்ப மெல்லிய அமிலம், வெள்ளீய ஆக்சைடும் காரீய ஆக்சைடும் அமிலத்தோடயும் சேரும் காரத்தோடயும் சேரும். கார்பன் மோனாக்சைடு மட்டும் நடுநிலை, அதையும் சொல்லிடணும்.

மத்த விதிவிலக்குகளயும் இதே கண்ணோட பாருங்க. சோடியம் ஏன் மெத்து? பெரிய அணு, ஒரே ஒரு எலக்ட்ரான்தான் பொதுவுல விடுது, கட்டிய சேர்த்துப் பிடிக்கிற சக்தி கம்மி, 98 டிகிரியிலயே உருகிடும். டங்ஸ்டன் ஆறு எலக்ட்ரான் வரைக்கும் பிணைப்புக்கு விடுது, 3422 டிகிரி. அயோடின் பளபளக்கறதுல அதிசயம் இல்ல, ஃப்ளூரின், குளோரின் வாயு, புரோமின் திரவம், அயோடின் பளபளக்கிற திடப்பொருள், அந்த நெடுவரிசையும் கீழ போகப் போக பிடிய தளர்த்திக்கிட்டே போகுது. பாதரசம்தான் கொஞ்சம் ஆழமான விஷயம். அணுக்கரு அவ்வளவு கனமா இருக்கறதால உள் எலக்ட்ரான்கள் ஒளியோட வேகத்துல பாதிக்கு மேல ஓடுது, ஐன்ஸ்டைனோட சார்பியல் அங்க வேலைக்கு வந்துடுது, அதோட விளைவா வெளியில இருக்கற ரெண்டு எலக்ட்ரானும் உள்பக்கம் இழுபட்டு இறுகிடுது. பொதுவுல விட மனசில்லாத உலோகம். அதனாலதான் மைனஸ் 39 டிகிரி வரைக்கும் திரவம், கரண்ட் கடத்துறதுலயும் செம்ப விட ஐம்பது மடங்குக்கு மேல மோசம்.

பாதரசத்த இவ்வளவு விவரமா சொன்னதுக்கு காரணம் நம்ம நெடுவரிசை காரீயத்தோட முடியல. அதுக்கும் கீழ 114ஆம் எண்ல ஃப்ளெரோவியம்னு ஒண்ணு இருக்கு, ரஷ்யாவுல டுப்னா ஆய்வகத்துல முதல்ல செஞ்சாங்க, 2012ல பேர் வச்சாங்க. ஒரு தடவைக்கு ஒரு அணுதான் உருவாகும், அதுவும் ரெண்டு நொடி வாக்குலதான் உயிரோட இருக்கும். கார்பன்லேர்ந்து காரீயம் வரைக்கும் பார்த்த ஒழுங்குப்படி இது இன்னும் பெரிய உலோகமா இருக்கணும். ஆனா பாதரசத்துக்கு நடந்த அதே இறுக்கம் இங்க இன்னும் பலமா நடக்கும், அதனால மந்த வாயு மாதிரி யாரோடயும் ஒட்டாம போயிடும்னு ஒரு கணிப்பும் இருந்துச்சு. ஜெர்மனியில டார்ம்ஸ்டாட் ஆய்வகத்துல அந்த ஒத்த ஒத்த அணுக்கள தங்கம் பூசின தடத்து மேல ஓட விட்டு ஒட்டுதா, தாண்டிப் போகுதான்னு பார்த்தாங்க. 2022ல முடிவு வந்துச்சு: தங்கத்தோட ஒட்டுது, ஆனா லேசாத்தான் ஒட்டுது, நமக்குத் தெரிஞ்ச உலோகங்கள்லயே ரொம்ப சுலபமா ஆவியாகக்கூடியது இதுதான்னு.